கிளினிக் கொப்பியும் கணினியும்

எங்கள் பகுதியில் சீனி வருத்தமுள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் கிளினிக் கொப்பி ஒன்றும் இருக்கும். உம்மம்மா தன்னுடையதைச் சொப்பிங் பையில் சுற்றி அலுமாரி மேற்தட்டில் வைத்திருக்கிறார். மாரியில் வாவி பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான். அது நனைந்தால் பல வருட மருந்து விபரம் போய்விடும்.

சுகாதாரத் தகவல் முறைமை இந்தக் கவலையைக் குறைக்கிறது. நோயாளிக்கு ஒரு தனிப்பட்ட சுகாதார இலக்கம் கொடுக்கப்படும். அதைக்கொண்டு வைத்தியர் பழைய பரிசோதனை முடிவுகளையும் ஒவ்வாத மருந்துகளையும் திரையில் பார்க்கலாம். நாட்டுக்கும் பயனுண்டு. 2020 ஜனவரியில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான டீஎச்ஐஎஸ்2ஐ இலங்கையர் மாற்றியமைத்து, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கொரோனாவுக்காகக் கண்காணித்தனர். பல நாடுகள் அதைப் பின்பற்றின. நாம் இதை ஏனோ பெரிதாகப் பேசுவதில்லை.

கணினியில் உள்ளது அழியாது என்றும் நினைக்கக் கூடாது. 2021இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பெருந்தொகைத் தரவுகள் அழிந்துபோயின. 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. எங்கள் ஊர்களில் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். ஒரு பெண்ணின் மகப்பேற்று விபரத்தையோ மனநோய்க்கான மருந்தையோ தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டால், அவள் அடுத்த தவணைக்கு வரவே மாட்டாள். நோயாளியின் இரகசியம் அமானிதம் அல்லவா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவுகளுக்கு விசேட பாதுகாப்புக் கொடுக்கிறது. யார், எப்போது கோப்பைத் திறந்தார் என்பதை முறைமையே பதிந்துவைக்கவும் முடியும். ஆனால் ஒரே கடவுச்சொல்லை நாலு பேர் பாவித்தால், அந்தப் பதிவில் இருப்பது யாருடைய பெயர்?