கொடுவாளா, கோடாலியா?

இரும்பை என்னும் ஊரில் இருந்துகொண்டு இரும்பைப் பற்றி எழுதுவது பொருத்தந்தானே! சாரணியர் பாசறைக்கு மூட்டை கட்டும்போதெல்லாம் நம்மிடையே ஒரு வழக்கு எழுகிறது. விறகு வெட்டக் கொடுவாளை எடுத்துச் செல்வதா, கோடாலியை எடுத்துச் செல்வதா? இரண்டையும் சுமப்பது வீண் பாரம். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகையை இங்கே காண்போம்.

சென்ற பாசறைக்கு எங்கள் அணி கோடாலியைக் கொண்டு சென்றது. பெரிய கருவி, பெரிய வேலை செய்யும் என்று எண்ணினோம். இரண்டாம் நாள் மாலை ஓங்கி வெட்டிய வேளையில், கோடாலியின் தலை காம்பிலிருந்து கழன்று, சற்றுத் தள்ளி மணலில் போய் விழுந்தது. அதே இடத்தில் சிறிது நேரத்திற்கு முன்புதான் தங்கை ஒருத்தி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இறையருளால் ஒருவருக்கும் காயமில்லை.

அன்றிரவு பாசறைத் தீயைச் சுற்றி அமர்ந்தபோது, சகோதரி அவர்கள் விவிலியத்தைத் திறந்து இணைச்சட்டம் 19ஆம் அதிகாரத்தைக் காட்டினார்கள். அயலானோடு காட்டுக்கு மரம் வெட்டச் சென்றவனின் கோடாலி கழன்று, அயலான் மேல் பட்டு, அவன் இறந்துபோகும் செய்தி அங்கே வருகிறது. நாங்கள் வாயடைத்துப் போனோம். அதன் பின்னரே இக்கருவிகளைப் பற்றி ஆராயத் தொடங்கினோம்.

கோடாலியின் எடை பெரும்பாலும் தலையில்தான் இருக்கிறது. அத்தலை ஓர் ஆப்பு. நீண்ட காம்பு அதற்கு வேகம் கொடுக்க, அது மரத்தின் நாருக்கிடையே புகுந்து கட்டையைப் பிளக்கிறது. தொடைப் பருமனுள்ள கட்டைக்கு இதற்கு நிகரில்லை. கொடுவாளோ மெல்லிய தகடு, தறிக்கும், சீவும். தடித்த கட்டையில் ஓங்கிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். ஆனால் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை ஒரே கையால் எளிதில் துண்டாக்கும்.

இனி, நம் பாசறை அடுப்பில் எரிவது எது என்று பாருங்கள். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய இக்கடற்கரைப் பகுதியில் நமக்குக் கிடைப்பவை சவுக்கு மிளார், பனைமட்டை, காய்ந்த தென்னம்பாளை, வேலிக்காத்தான் கிளை. இவற்றுள் பிளக்க வேண்டியது எதுவுமில்லை. வேலிக்காத்தானின் முள்ளைக் கொடுவாளால் எட்ட நின்றே கழிக்கலாம். கூடார முளைக்கு முனை சீவலாம், இளநீரும் சீவலாம். ஆதலால் நமக்கு ஏற்றது கொடுவாளே.

கோடாலியை இகழ்வதாக எண்ணவேண்டாம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. அத்தகைய அடிமரங்களுக்குக் கோடாலியும் ரம்பமும் வேண்டும். இரவு முழுவதும் கணப்பு எரிய வேண்டிய குளிர்நாடுகளிலும் கோடாலி உற்ற துணை. வேலைதான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. நம் வீம்பு அன்று.

எக்கருவியாயினும் மறவாமல் கைக்கொள்ள வேண்டியவை:

1. வெட்டுமுன் காம்பையும் பிடியையும் ஆட்டிப் பார்க்கவும். ஆடினால் பயன்படுத்தலாகாது.

2. கோடாலி குறி தவறினால் காலுக்கு ஆபத்து. கொடுவாள் தவறினால் மறு கைக்கு ஆபத்து. எனவே அடிக்கட்டை மேல் வைத்தே வெட்டவும். கிளையைப் பிடிக்கும் கை, வெட்டும் இடத்திற்கு எட்ட இருக்கட்டும்.

3. வெட்டுபவரைச் சுற்றி ஒருவரும் நிற்கலாகாது.

4. கைக்குக் கை கொடுக்காமல், தரையில் வைத்து மற்றவர் எடுக்கச் செய்யவும்.

5. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, ஆசிரியையிடம் ஒப்படைக்கவும்.

அதே இணைச்சட்டத்தின் 20ஆம் அதிகாரம், போர்க்காலத்தில்கூடக் கனிமரங்களை வெட்டலாகாது என்று தடுக்கிறது. போருக்கே அவ்விதியென்றால், ஒருவேளைச் சோறு பொங்கும் நமக்கு? விழுந்து காய்ந்ததை மட்டும் எடுப்போம். பச்சை மரத்தைத் தொடோம்.

அன்புத் தங்கையரே, ஆயத்தமாயிருத்தல் என்பது கனமான கருவியைச் சுமப்பதன்று. தக்கதை அறிந்து, பிறர்க்குத் தீங்கு வராமல் கையாள்வதேயாகும். அடுத்த பாசறையில் எங்கள் அணியின் மூட்டையில் கொடுவாள் ஒன்றே இருக்கும். கோடாலியோ, புதுக் காம்பு போடப்பெற்று, தன் வேலை வரும்வரை கிடங்கில் காத்திருக்கிறது.