துளையின் அளவு விளக்கில் இல்லை

புற ஊதா ஒளியில் பாலிமர் சவ்வு செய்பவர்கள், துளை சரியாக அமையாவிட்டால் முதலில் விளக்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நேரத்தைக் கூட்டுகிறார்கள், தட்டை விளக்குக்கு அருகில் நகர்த்துகிறார்கள். திருத்த வேண்டியது கலவையை. ஒளி வினையைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. துளைக்கு இடம் விடுவது வினையில் சேராத கரைப்பான். வளரும் பாலிமர் அதில் கரைய முடியாமல் சீக்கிரமே பிரிந்தால் பாலிமர் உருண்டைகள் பருக்கும், இடைவெளியும் பெரிதாகும். தாமதமாகப் பிரிந்தால் துளை நுண்ணியதாகும். ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தாக்ரிலேட் (ஹெமா) 24 பங்கு, எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் 16, சைக்ளோஹெக்சனால் 48, 1-டெக்கனால் 12, எல்லாம் எடைக்கணக்கில். முதலிரண்டும் மோனோமர்கள், மற்றவை கரைப்பான்கள். மோனோமர்களின் எடையில் 1 சதவீதம் டிஎம்பிஏ என்ற ஒளித்தொடங்கி. தொடங்க இதுவே நல்ல கலவை. பெரிய துளை வேண்டுமானால் இரண்டு பங்கு சைக்ளோஹெக்சனாலைக் குறைத்து டெக்கனாலைக் கூட்டுங்கள்; கரைப்பானின் மொத்தம் 60 ஆகவே இருக்கட்டும். சைக்ளோஹெக்சனால் 25 டிகிரி வாக்கில் உறையும். ஏசி அறையில் புட்டிக்குள் கட்டியாகிவிட்டால் வெந்நீரில் வைத்து இளக்கிய பிறகே எடை போடுங்கள். மோனோமரில் கலந்துவரும் தடுப்பானைக் கார அலுமினா நிரப்பிய குழாய் வழியே வடித்து நீக்குங்கள்.

ஒளியின் செறிவும் துளையை மாற்றுமே என்று கேட்கலாம். மாற்றும்தான். செறிவு கூடினால் ஒரே நேரத்தில் நிறைய கருக்கள் தோன்றி உருண்டைகள் சிறுக்கும். ஆனால் விளக்கு பழசாகும், தூரம் மாறும். தராசு அப்படி ஏமாற்றாது. அதனால் ஒளியை ஒரே நிலையில் நிறுத்திவிட்டுக் கலவையை மாற்றிப் பார்ப்பதே முறை.

பலர் தடுக்கி விழுவது ஆக்சிஜனில். அது தனியுறுப்புகளைப் பிடித்துக்கொண்டு வினையை நிறுத்திவிடுகிறது. நடு கெட்டியாகி ஓரம் பிசுபிசுத்தால் காரணம் அதுதான். கூடுதல் நேரம் ஒளி காட்டினாலும் தீராது. கலவையில் பத்து நிமிடம் நைட்ரஜனைக் குமிழவிடுங்கள். மெத்தனால் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானாக இருந்தால் இந்தப் பத்து நிமிடத்தில் விகிதமே மாறிவிடும். சைக்ளோஹெக்சனால், டெக்கனால் இரண்டையும் நான் விரும்புவது அதனால்தான். ஃப்ளூரோ சிலேன் பூசிய இரு கண்ணாடித் தட்டுகளுக்கிடையே 50 மைக்ரான் டெஃப்ளான் தாளை வைத்துக் கவ்வியிட்டு, ஒரு விளிம்பில் கலவையைச் சொட்டினால் இடுக்கு தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே குமிழி சிக்கிக்கொண்டால் பிரித்து மறுபடி நிரப்புங்கள். ஓரத்தில் அரை சென்டிமீட்டரை வெட்டி எறிவதாகவே கணக்கிட்டு, பெரிதாகச் செய்யுங்கள்.

கையுறையும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடியும் அணிந்து, 365 நானோமீட்டர் விளக்கில் 15 நிமிடம் வையுங்கள். 254 விளக்கானால் சாதாரணக் கண்ணாடி ஒளியை மறித்துவிடும், குவார்ட்ஸ் வேண்டும். தெளிந்த திரவம் வெளுத்தால் பாலிமர் பிரிந்துவிட்டது என்று பொருள். ஆனால் வெண்மை மட்டும் போதாது, மேற்பரப்பில் துளையற்ற தோல் படிந்திருக்கலாம். கழுவிக் காய்ந்த துண்டொன்றை மைஒற்றுத் தாள்மேல் வைத்து ஒரு சொட்டு மெத்தனால் விடுங்கள். அடித்தாள் நனையாவிட்டால் தோல் இருக்கிறது.

தட்டுகளை மெத்தனாலுக்குள் வைத்தே பிரித்து, சவ்வை இரவு முழுவதும் புது மெத்தனாலில் ஊறவிடுங்கள். மெத்தனாலிலிருந்தே உலர்த்துங்கள், நீரிலிருந்து நேராக உலர்த்தாதீர்கள்: நீரின் பரப்பு இழுவிசை மெத்தனாலைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், ஆவியாகும்போது மெல்லிய துளைச்சுவர்களை இழுத்து ஒட்டவைத்துவிடும். வட்டமாக வெட்டுவதானால் ஈரத்திலேயே வெட்டுங்கள், காய்ந்தபின் விளிம்பு நொறுங்கும்.