எஞ்சின் திணறும்போது

அன்புள்ள மருமகளுக்கு,

2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 பயிற்சி விமானம் ஒன்று அம்மாசத்திரம் அருகே திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. அதிலிருந்த இருவரும் பிழைத்தார்கள். அதைப் படித்துவிட்டு, "எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது மாமா?" என்று கேட்டிருந்தாய். பல நேரங்களில் எஞ்சின் சட்டென்று நிற்பதில்லை அம்மா, கொஞ்சம் கொஞ்சமாகத் திணறும். அந்தத் திணறலை நீ முதலிலேயே கண்டுகொள்ள வேண்டும்.

கும்மிடிப்பூண்டி வெக்கையில் எஞ்சினுக்குள் பனிக்கட்டி பிடிக்கும் என்றால் நம்புவாயா? பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே ஆவியாதல்தான். வெப்பநிலை அங்கே 20 டிகிரிக்கு மேலும் குறைந்துவிடும். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்று உள்ளே போனால், வெளியே 25 டிகிரி இருந்தாலும் பனி படியும். த்ராட்டிலைக் குறைத்துக் கீழே இறங்கும் நேரம்தான் மிக மோசம்.

முதல் அடையாளம் ஆர்பிஎம் முள் மெல்லச் சரிவது. த்ராட்டில் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதைக் கொஞ்சம் தள்ளிவிடாதே, நோய் மறைந்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் பிடியை முழுதாக இழு. இழுத்ததும் ஆர்பிஎம் இன்னும் விழும். உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் விமானமே உதறும். பயந்த கை அப்போதே அதைத் திரும்பத் தள்ளிவிடும். தள்ளாதே. உதறல் அடங்கி ஆர்பிஎம் ஏறும்வரை அப்படியே வைத்திரு. இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே.

திணறலுக்கு இன்னொரு காரணம் எரிபொருளில் கலக்கும் தண்ணீர். மழைக்கால இரவில் பாதி காலியான டேங்கில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். காலையில் எரிபொருளைக் குப்பியில் வடித்துப் பார். 100எல்எல் பெட்ரோல் நீலம், தண்ணீர் நிறமற்று அடியில் தங்கும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடே தெரியாது. ஆகவே நிறத்தையும் பார்.

எஞ்சின் மீளவே இல்லையென்றால், மூக்கைத் தாழ்த்தி, எஞ்சினின்றி மிதந்து இறங்கும் வேகத்தைப் பிடி. செஸ்னா 172-க்கு அது ஏறத்தாழ 65 நாட். 1000 அடி உயரம் கையில் இருந்தால், காற்று எதிர்க்காதபோது சுமார் இரண்டரை கிலோமீட்டர் போகலாம். நம் மாவட்டத்தில் அறுவடை முடிந்த வயல்கள் உண்டு, ஆனால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகளும் உண்டு. மேலிருந்து கம்பி தெரியாது, கோபுரங்களைத் தேடு. கிளம்பிய உடனே, தாழ்ந்த உயரத்தில் திணறினால், ஓடுபாதைக்குத் திரும்ப நினைக்காதே. நேராக முன்னே பார்த்து இறக்கு.

172-ன் பிந்தைய ஆர், எஸ் மாடல்களில் கார்ப்பரேட்டரே கிடையாது, அதனால் கார்ப் ஹீட் பற்றிச் சொன்னது அவற்றுக்குப் பொருந்தாது. நீ விமானம் ஓட்டக் கற்கும் பள்ளியில் இருப்பது எந்த மாடல் என்று எழுது.

அன்புடன்,
மாமா