தாயைப் பார்த்துக் குட்டியை வாங்குவோம்

'தாயைப் பார்த்துப் பெண்ணை எடு. பாலைப் பார்த்துப் பசுவை வாங்கு' என்பர் நம் முன்னோர். நாய்க்குட்டி வாங்குவோர்க்கும் இப்பழமொழி பொருந்தும்.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்க்குத் துணைநின்ற நாய்களின் வழிவந்ததே லாப்ரடார். பிரிட்டனில் பேணி வளர்க்கப்பட்ட இந்நாயை, அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகம் 1903-ஆம் ஆண்டில் தனியினமாக ஏற்றது. சாந்த குணமுடைய இது, பார்வையற்றோர்க்கு வழிகாட்டியாகவும் பணிபுரிகிறது.

எனினும், இடுப்பு மூட்டுக் கோளாறும் சில கண் நோய்களும் இவ்வினத்தில் பெற்றோர்வழி வரக்கூடியவை. குட்டி துள்ளி விளையாடும் பருவத்தில் இவை எளிதில் புலப்படா; வளர்ந்தபின் அது நொண்டும்போதுதான் நாம் அறிவோம். ஆதலின் பொறுப்புள்ள வளர்ப்பாளர், தாய் தந்தை இரண்டின் இடுப்பையும் எக்ஸ்-ரே எடுத்தும், கண்களைச் சோதித்தும் பார்த்த பின்னரே குட்டி ஈனச் செய்வார்.

நாம் செய்ய வேண்டியவை யாவை?

1. அச்சோதனைச் சான்றையும் வம்சப் பத்திரத்தையும் கேட்டுப் பார்ப்போம்.
2. தாய்நாயைக் குட்டிகளுடன் நேரில் காண்போம். காட்ட மறுப்பவரிடம் வாங்கோம்.
3. எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரியோம்.
4. தடுப்பூசி அட்டையைப் பெற்று, எஞ்சிய ஊசிகளைத் தவறாமல் போடுவோம்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம் வாசலில் வாழப்போகும் உயிர் அது. மலிவு கண்டு மயங்கினால், அந்நோயின் வலியை வாயில்லா அவ்வுயிரன்றோ சுமக்கும்? மாணவச் செல்வங்களே, இதனைப் பெற்றோரிடமும் எடுத்துரையுங்கள். வசதி இல்லையெனில் வருந்த வேண்டா. லயத்து நாட்டு நாயும் அன்புக்கு உரியதே.