சுண்டைக்காயும் சுமைகூலியும்: உல்லாசக் கப்பலில் கூடுதல் கட்டணங்கள்

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் சங்க அன்பர்கள் பலர், கரீபியன் கடலில் ஒரு வாரக் கப்பல் பயணமும் போய்வருகிறார்கள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தே கோவாவுக்கும் இலட்சத்தீவுக்கும் உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகு, இங்கேயே கப்பலேறியவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்கள் கடலையும் சாப்பாட்டையும் புகழ்கிறார்கள். கடைசி நாள் பில்லைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நானும் என் மனைவியும் மயாமியிலிருந்து 7 இரவுப் பயணம் போய் அந்தப் பில்லையும் பார்த்தவர்கள். போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

டிக்கெட் வெறும் முன்பணமே

ரயில் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், அதிவேக வண்டிக்கான கூடுதல் கட்டணம், வரி எல்லாம் அடங்கிவிடும். கட்டுச்சாதம் இருந்தால் இறங்கும்வரை பையில் கைவைக்க வேண்டியதில்லை. கப்பலில் கதை வேறு.

1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், பயணிகள் கப்பல்களுக்குப் பிழைப்பு போயிற்று. பிறகு அவை விடுமுறைக் கப்பல்களாக மாறின. 1972-ல் மயாமியில் தொடங்கிய கார்னிவல் போன்ற நிறுவனங்கள் குறைந்த கட்டணத்தில் ஆட்களை ஏற்றி, மதுக்கூடத்திலும் சூதாட்டக் கூடத்திலும் வருமானம் பார்த்தன. இதில் ஒரு வணிகக் கணக்கு இருக்கிறது. அறை காலியாகப் போனாலும் எண்ணெய்ச் செலவும் சம்பளமும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மலிவு விலைக்காவது அறையை நிரப்பிவிட்டு, வந்தவரிடம் உள்ளே விற்பது இலாபம். 2023-ல் கார்னிவல் நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் சுமார் 750 கோடி டாலர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், டிக்கெட் அல்லாத வகையில் வந்தது.

எது சேர்த்தி, எது தனி?

பொது உணவுக்கூடம், தண்ணீர், தேநீர், சாதாரணக் காப்பி, நீச்சல் குளம், மாலைக் கலைநிகழ்ச்சிகள் ஆகியவை பொதுவாக டிக்கெட்டில் சேர்த்தி. மது, குளிர்பானம், எஸ்பிரெஸோ காப்பி, சிறப்பு உணவகங்கள், இண்டர்நெட், புகைப்படம், சலவை, மசாஜ், கரைச் சுற்றுலா, மருத்துவர் எல்லாம் தனி.

2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விளம்பர விலை காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. அதையொட்டிப் பெரிய நிறுவனங்கள் துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்து விலை சொல்கின்றன. ஆனால் தினசரிச் சேவைக் கட்டணம் அந்த விலையில் வராது.

ஓர் எஸ்டிமேட்

தம்பதி இருவர், 7 இரவு, டிக்கெட் 1,700 டாலர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மற்ற செலவுகள்:

சேவைக் கட்டணம், ஆளுக்கு நாளொன்றுக்கு 18 வீதம்: 252
இண்டர்நெட், ஒரு போனுக்கு நாளொன்றுக்கு 20 வீதம்: 140
கரைச் சுற்றுலா இரண்டு, ஆளுக்கு 80 வீதம்: 320
சிறப்பு உணவகத்தில் ஒரு நாள், ஆளுக்கு 50. மேலே 18 சதவீதம்: 118
காப்பி தினம் இரண்டு, 5 டாலர் வீதம். மேலே 18 சதவீதம்: 83
புகைப்படம் மூன்று, 20 வீதம்: 60

மொத்தம் 973 டாலர். டிக்கெட்டில் நூற்றுக்கு 57. இதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு "அளவற்ற பானம்" என்று நாளொன்றுக்கு 70 டாலர் போல ஒரு திட்டம் விற்பார்கள். 18 சதவீதம் சேர்த்தால் 82 டாலர் 60 சென்ட். ஒரு கோப்பை, சேவைக் கட்டணத்துடன் 14 டாலர் என்றால், தினமும் ஆறு கோப்பை குடித்தால்தான் கட்டும். ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்று பல நிறுவனங்களில் விதி. இருவருக்கும் சேர்த்து 1,156 டாலர். மேலே சொன்ன 973-உடன் கூட்டினால், உபரிச் செலவு டிக்கெட்டையே தாண்டிவிடும்.

விற்கும் விதம்

கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாகத் தரும் அட்டையை நீட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் தயக்கம் அட்டையை நீட்டும்போது வருவதில்லை. முதல் நாளிலேயே "இன்று மட்டும் தள்ளுபடி" என்பார்கள். மறுநாளும் ஏதாவது ஒரு தள்ளுபடி இருக்கும்.

"கால்வலிக்கு இலவச ஆலோசனை" என்று ஓர் அறிவிப்பைப் பார்த்து என் மனைவி என்னையும் அழைத்துப் போனாள். பாதத்தின் அச்சை எடுத்துப் பார்த்த இளைஞர் மிகவும் கவலைப்பட்டார். முடிவில், செருப்புக்குள் வைக்கும் ஒரு ஜோடி அட்டைக்கு நூறு டாலருக்கு மேல் விலை சொன்னார். "ஊருக்குப் போய் எங்கள் டாக்டரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுந்து வந்தோம். இலவச ஷாம்பெயினுடன் நடக்கும் ஓவிய ஏலம், "துறைமுகத்தில் எங்கே நகை வாங்கலாம்" என்ற சொற்பொழிவு எல்லாம் இந்த வகைதான். அந்தச் சொற்பொழிவில் பரிந்துரைக்கும் கடைகள் பெரும்பாலும் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவை.

கைவைக்கக் கூடாத செலவு

பில்லைக் கண்டு மிரண்டு, சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பல கப்பல்களில் அதற்கு இடமும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அறையைப் பெருக்குகிறவர்களும் பரிமாறுகிறவர்களும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நம் கோவா, கேரளம் முதலிய இடங்களிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வாரத்துக்கு 72 மணி நேர வேலையை அனுமதிக்கிறது. அவர்கள் வருமானத்தில் இந்தத் தொகை முக்கியமான பங்கு. மிச்சம் பிடிக்க வேண்டுமானால் காப்பியிலும் புகைப்படத்திலும் பிடிக்கலாம். உழைத்தவர் கூலியில் வேண்டாம்.

கப்பலேறும் முன்

1. மேலே சொன்னபடி எஸ்டிமேட் போட்டு, எவற்றை வாங்குவது என்று கணவனும் மனைவியும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கப்பலில் புதிய முடிவு எடுக்க வேண்டாம்.

2. கப்பல் பயணத்துக்கும், சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் செல்லும்படியான பயணக் காப்பீடு எடுங்கள். கப்பல் மருத்துவமனையில் அவசர சிகிச்சை ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். நோயாளியை விமானத்தில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் ஓய்வூதியச் சேமிப்பே கரைந்துவிடும். மற்ற செலவெல்லாம் வருத்தம். இது ஒன்றுதான் ஆபத்து.

3. கப்பல் புறப்பட்டதும் போனை விமான நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டம் பெரும்பாலும் அதற்குச் செல்லாது.

4. கரைச் சுற்றுலாவைத் தனியாக ஏற்பாடு செய்தால் மலிவு. ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. வெகுதூரம் போவதானால் கப்பல்காரர் ஏற்பாட்டிலேயே போவது நலம்.

5. தினமும் இரவில் கணக்கைப் பாருங்கள். தவறு இருந்தால் அன்றே கேளுங்கள். கடைசி நாள் காலையில் கேட்கப் போனால் நீண்ட வரிசையில் நிற்க நேரும்.

"வேண்டாம்" என்று சொல்ல நம்மவர்களுக்குக் கூச்சம். பேரப்பிள்ளைகள் எதிரில் கஞ்சன் என்று பெயர் வாங்குவானேன் என்று நினைக்கிறோம். கூச்சப்பட வேண்டியதே இல்லை. மேல்தளத்தில் நின்று பார்க்கும் சூரியோதயத்துக்கு அவர்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. எங்கள் பயணத்தில் இன்றைக்கும் நினைவில் நிற்பது அதுதான்.