அழித்த ஆமை

அன்புத் தங்கைக்கு,

மார்கழிக் கடைசியில் பெசன்ட் நகரிலிருந்து அடையாற்று முகத்துவாரம்வரை நடந்து, போனில் எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. உடைந்த பாலம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அதை இந்த ஊரே எடுத்து முடித்துவிட்டது, விடு.

என்னை நிறுத்தியது வேறு படம். ஈர மணல், இளஞ்சிவப்பு வானம், நடுவே வெறுமை. அங்கே ஒரு செத்த ஆமை கிடந்தது, பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, படத்தின் மூடைக் கெடுத்ததால் அழித்துவிட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். மறைக்காமல் சொன்னாயே, அது பெரிய விஷயம்.

ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகிற பருவம் ஜனவரியில் தொடங்குகிறது. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. நம் பனிக்காலக் கடற்கரை என்றால் இதுவும் சேர்ந்ததுதான். ஆமையை எடுத்துவிட்டாய், மிச்சமிருப்பது எந்த ஊர் மளிகைக்கடை காலண்டரிலும் தொங்கக்கூடிய படம்.

எடிட் செய்யவே கூடாது என்கிற கட்சி நானில்லை. இருட்டறையில் நாங்களும் ஒரு மூலையைக் கையால் மறைத்து வெளுக்க வைத்தோம், இன்னொரு மூலையைக் கருக்க விட்டோம். உன் போன் அதற்கும் மேலே போகிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், விடியலின் நீலத்தைப் பிழையென்று எண்ணித் திருத்திவிடும். நைட் மோடு பல எக்ஸ்போஷர்களை அடுக்கி, உன் கண் பார்த்திராத வெளிச்சத்தைக் கொண்டுவரும். நீ கை வைக்கும் முன்பே படம் பாதி மாறியிருக்கும். ஆகவே ப்ரோ மோடில் ரா கோப்பாக எடு, ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்து. வீடு திரும்பியதும் வானம் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு வரி எழுதிவை. வாரம் கழித்துத் திருத்த உட்காரும்போது நினைவு உன் இஷ்டத்துக்கு வளையும், எழுதினது வளையாது.

‘பத்திரிகைக்கா எடுத்தேன், சொந்தப் படம்தானே’ என்று கேட்பாய். ஜப்பானில் மசஹிசா ஃபுகாசே என்றொருவர் இருந்தார். மனைவியைப் பிரிந்த காலத்தில் ஹொக்கைடோவின் கடுங்குளிரில் காகங்களை எடுத்துக்கொண்டு திரிந்தார். 1986இல் அவை புத்தகமாயின. குருணை குருணையாக, கலங்கிக் கிடக்கும் படங்கள். பிரிவுக்கு முன்பே அந்த மனைவி ஒரு கட்டுரையில், தன்னை எடுத்ததாக அவர் சொல்லும் படங்களில் இருப்பது அவரேதான் என்று எழுதிவிட்டார். சொந்தப் படம் எடுக்கிற யாரும் தப்ப முடியாத குற்றச்சாட்டு இது. உன் படத்திலும் கடல் கொஞ்சம்தான் இருக்கிறது, நிம்மதி தேடிப் போன நீதான் நிறைய. தேடலாம், தப்பில்லை. அன்றைக்கு அது கிடைக்கவில்லை, ‘ஒரு மாதிரி’ ஆயிற்று. உன்னைப் பற்றிய படம் என்றால் அந்த ‘ஒரு மாதிரி’ அல்லவா அதில் இருக்க வேண்டும்? ஆமையோடு சேர்த்து நீ உன்னையும் அழித்திருக்கிறாய்.

போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாய். இந்தப் படத்தை அனுப்பாதே. இறுதிச் சுற்றில் மூலக் கோப்பைக் கேட்கும் போட்டிகள் உண்டு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கேட்காத போட்டிக்கும் அனுப்பாதே. மூலப் படம் இன்னும் போனில் இருக்கிறதா என்று பார். இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றோடு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்