தரை தரும் உதவியும் அதன் விலையும்

க.பொ.த. உயர்தரம், கணிதப் பிரிவு

உயரப் பறப்பதுதான் கடினம், தாழப் பறப்பது இலகு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தரையை ஒட்டிப் பறக்கும் விமானத்துக்குத் தரை உதவுவது உண்மைதான். ஆனால் அந்த உதவியை நம்பி வேகமாகப் பறந்தால் என்ன நிகழும்? பௌதிகவியலில் நாம் படிக்கும் நியூற்றனின் விதியும் வட்ட இயக்கமும் இதற்கு விடை தருகின்றன.

முதலில் ஒரு சிறு பரிசோதனை. ஏ4 தாள் ஒன்றை வழுவழுப்பான தரைக்குச் சற்று மேலே கிடையாகப் பிடித்து, மெல்ல முன்னோக்கித் தள்ளி விடுங்கள். அது உடனே விழாமல் வழுக்கிக்கொண்டு செல்லும். தாளுக்கும் தரைக்கும் இடையில் அகப்பட்ட வளி வெளியேறும் வரை அது தாளைத் தாங்குகிறது.

விமானத்தின் சிறகு வளியைக் கீழே தள்ளுகிறது. நியூற்றனின் மூன்றாம் விதிப்படி வளி சிறகை மேலே தள்ளுகிறது. சிறகின் கீழே அமுக்கம் அதிகம், மேலே குறைவு. ஆகவே சிறகு நுனிகளில் கீழுள்ள வளி மேல்நோக்கிச் சுருண்டு சுழிகளை உண்டாக்கும். இதனால் விமானத்தைப் பின்னே இழுக்கும் விசையொன்று தோன்றுகிறது. இதனைத் தூண்டல் இழுவை என்போம். தரை அருகே இருந்தால் சுழிகள் முழுமையாக விரிய இடமில்லை, இழுவை குறைகிறது.

எவ்வளவு குறையும்? ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள அகலத்துக்குச் சமமான உயரத்தில் 1.4 சதவீதம் மட்டுமே. அந்த அகலத்தின் நாலிலொரு பங்கு உயரத்தில் 23.5 சதவீதம். பத்திலொரு பங்கில் 47.6 சதவீதம், ஏறத்தாழப் பாதி! உம்ராவுக்குச் சென்று திரும்பிய என் உம்மா, விமானம் ஓடுபாதைக்கு மேலே வந்த பிறகும் சிறிது நேரம் மிதப்பது போலிருந்தது என்றார். தரையின் இந்த உதவி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சோவியத் ஒன்றியத்தின் பொறியியலாளர் ரொஸ்திஸ்லாவ் அலெக்செயேவ் இந்த உதவியை முழுமையாகப் பயன்படுத்த விரும்பினார். அவர் வடிவமைத்த மாபெரும் ஊர்தி 1966 இல் காஸ்பியன் கடலின் மேல் பறந்தது. நீளம் 92 மீற்றர், சிறககலம் 37.6 மீற்றர், எஞ்சின்கள் 10, உச்சத் திணிவு 544 தொன். செய்மதிப் படத்தில் இதனைக் கண்ட அமெரிக்கர்கள் 'காஸ்பியன் கடல் அசுரன்' எனப் பெயரிட்டனர்.

இனி நாமே கணிப்போம். இவ்வூர்தி நீருக்கு 4 மீற்றர் மேலே, மணிக்கு 500 கிலோமீற்றர் கதியில் செல்வதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 139 மீற்றர். திரும்புவதற்கு விமானம் பக்கவாட்டில் சாய வேண்டும். அப்போதுதான் மையநாட்ட விசை கிடைக்கும். 10 பாகை சாய்ந்தாலே ஒரு சிறகு நுனி 3.3 மீற்றர் தாழ்ந்துவிடும். மிஞ்சும் இடைவெளி 70 சென்ரிமீற்றர்தான். ஓர் அலை போதும்.

அந்தச் சாய்வில் திரும்பும் வட்டத்தின் ஆரை என்ன? கதியின் வர்க்கத்தை, புவியீர்ப்பு ஆர்முடுகலையும் சாய்வுக் கோணத்தின் தாஞ்சனையும் பெருக்கி வருவதால் வகுத்தால் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வருகிறது. ஒரு கிலோமீற்றர் முன்னால் மீன்பிடிப் படகொன்று தெரிகிறது என்போம். அதை அடைய 7 வினாடிகள். அதற்குள் பக்கவாட்டில் விலகக்கூடியது 45 மீற்றர் அளவே. சாய்வதற்கு எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் அதுவும் குறையும். மேலெழுந்து தப்பலாம், ஆனால் எழுந்தவுடன் தரையின் உதவி குறைந்து, இழுவை கூடும். அப்போது எஞ்சின்களில் மிகுதி வலு இருக்க வேண்டும்.

அவ்வூர்தி 1980 இல் விபத்துக்குள்ளாகிக் காஸ்பியன் கடலில் மூழ்கியது. அதே ஆண்டில் அலெக்செயேவும் காலமானார். அதன் வழிவந்த 'லூன்' எனும் ஊர்தி 2020 இல் டெர்பென்ட் நகரக் கரைக்கு இழுத்துவரப்பட்டது.

தரையருகே எரிபொருளை மிச்சப்படுத்தலாம். ஆனால் உயரம் தரும் நேரத்தையும் இடத்தையும் அங்கே பெற முடியாது. விமானிக்கு உயரம் என்பது பிழையைத் திருத்தக் கிடைக்கும் அவகாசம்.

சகோதரிகளே, ஒரு பயிற்சி: அதே கதியில் 2 கிலோமீற்றர் ஆரையில் திரும்ப வேண்டுமெனின் சாய்வு 44 பாகையைச் சற்றுத் தாண்டும். சிறகு நுனி எவ்வளவு தாழும் எனக் கணித்துப் பாருங்கள். அது 4 மீற்றரைவிட எவ்வளவு அதிகம் என்பதைக் கண்டால், அந்த ஊர்திகள் உலகின் வழமையான வாகனங்களாக மாறாததன் ஒரு காரணம் விளங்கும்.